அஞ்சாம் நாள் பிரிந்த காற்று

"நான் குசு வுட்டதுக்கு டாக்டரு கை தட்னாரு!"

வடலூரிலிருந்து நெய்வேலி போகும் பஸ்ஸில் இப்படி ஒரு குரல் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன். பின் சீட்டில் இரண்டு பெண்கள். சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் சுமப்பவர்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"மெய்யாவா அஞ்சலக்கா?" என்றாள் இளையவள்.

"குடலு முறுக்கிக்கினு அழுகிப் போச்சுடி. ஷிப்டுல வுழுந்தவளைத் தூக்கிக்கினு போயி, உடனே வயித்த அறுத்து ஒரு முழம் வெட்டிட்டாங்க. பொழைக்க மாட்டேன்னு எங்க வூட்டுக்காரரு அழுதுகினே கெடந்தாரு."

"அப்புறம்?"

"காத்து பிரிஞ்சாத்தான் குடலு வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். அதுவரைக்கும் பச்சத்தண்ணி கெடையாது. நாலு நாளு நாக்கு வறண்டு கெடந்தேன். அஞ்சாம் நாளு டாக்டரு பக்கத்துல நிக்கும்போதே வந்துது பாரு, வார்டே திரும்பிப் பாத்துது! 'பொழச்சிட்டம்மா'ன்னு அவரு கை தட்றாரு. எங்க வூட்டுக்காரரு வந்தவங்க போனவங்க எல்லாரையும் கும்புடறாரு."

பஸ்ஸில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள்.

வடக்குத்து நிறுத்தத்தில் பஸ் நின்றது. இறங்குவதற்காக மூத்தவள் எழுந்ததும், இளையவள் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனாள்.

"வுடுடி. ஒரு மாசமா ஆளாளுக்கு என்னைத் தூக்கிக்கினே இருந்தீங்க. இன்னிக்கி நானே எறங்கறேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். தரையில் நிமிர்ந்து நின்று, காத்திருந்த கண்டக்டரைப் பார்த்து அவளே குரல் கொடுத்தாள்:

"ரைட், போலாம்!"