பலவேசம் சார் இல்லாத பன்னிரண்டாம் தேதி

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். வேல்விழி இப்போதுதான் தூங்கினாள். நாளை இரங்கல் கூட்டத்தில் எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். கர்ணன் அய்யா வாசித்துவிடுங்கள்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் பெற்றோர் சங்கத் தலைவர் கர்ணன் அய்யா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நான் சின்னமனூர் முனீஸ்வரி. மூளை முடக்குவாதத்தோடு பிறந்து, நூறு மீட்டர் ஓடுகிற வேல்விழியின் அம்மா.

பயிற்சியாளர் பலவேசம் அவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல? நம் பிள்ளைகளை எத்தனையோ பேர் பார்த்தார்கள். கையில் ஸ்டாப்வாட்சோடு பார்த்தவர் வேறு யார்?

வேல்விழிக்கு வலது பாதம் சிறியது. மேகமலை எஸ்டேட்டிலிருந்து வரும் ஆதித்தனுக்கு இடது பாதம் சிறியது. சார் நாலாம் நம்பரில் ஒரு ஜோடி, ஐந்தாம் நம்பரில் ஒரு ஜோடி ஷூ வாங்கி, ரெண்டையும் பிரித்து மாற்றிக் கொடுத்தார். "சம்பந்திக மாதிரி சண்டை போடாம ஓடுங்கப்பா" என்றார். இதை யோசிக்க யாருக்குத் தோன்றும்?

இனி சொல்வது என் தப்பு. பாதிப்பின் அளவைப் பார்த்து டாக்டர்கள் நம் பிள்ளைகளைப் பிரிவு பிரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எண் கூடக்கூடப் பாதிப்பு குறைவு. விழி ஓட வேண்டியது முப்பத்தேழாம் பிரிவில். 2008 ஜனவரியில் மதுரையில் அந்தப் பரிசோதனை நடந்தது.

அவளுக்கு நடை வந்த நாள் முதல் கல்யாண வீடு, கோயில், பள்ளிக்கூடம் எங்கே போனாலும் காதில் ஒரே வார்த்தைதான் சொல்லுவேன்: "குதிகால்." உடனே குதிகாலை ஊன்றுவாள், வலது கையைப் பாவாடை மடிப்புக்குள் மறைப்பாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் பிள்ளை நொண்டக் கூடாது என்ற பயம் எனக்கு. அன்று டாக்டர் நடக்கச் சொன்னதும் வாசலில் நின்ற நான் அதே வார்த்தையை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். விழி அத்தனை நேராக நடந்து நான் பார்த்ததே இல்லை. முப்பத்தெட்டு என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே ஓடிவந்து, "சார், விழி ஒரு எடத்துலகூட நொண்டல" என்றேன். சார் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏத்தா, பிள்ளைய பாஸ் பண்ண வச்சுட்டியே. இங்கன பெயிலானாத்தான் அவளுக்கு ஓட்டமே."

அன்று மாலைப் போட்டியில் மற்றவர்கள் முடித்த பிறகும் என் மகள் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள். சார் கோட்டருகே நின்று அவள் வரும்வரை வாட்சை நிறுத்தவில்லை. மறுபரிசோதனை கேட்டு எழுதிய மனுவில், பெற்றோருக்கு விளக்கிச் சொல்லாதது பயிற்சியாளரின் தவறு என்று எழுதியிருந்தார். என் பெயரே அதில் இல்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவரை எந்த வார்த்தையால் புகழ்வது?

மனுவை ஏற்று, வருகிற பன்னிரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு முறைதான் பார்ப்பார்களாம். போன வியாழக்கிழமை, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த சார் பாதிக் கோட்டில் உட்கார்ந்தார். பிறகு எழவில்லை.

"சார் வருவாகன்னு சொன்னியேம்மா, அன்னைக்கு நான் எப்படி நடக்கணும்?" என்று விழி கேட்கிறாள். "நீ நடக்குற மாதிரி நட" என்றேன். "அது எப்படி?" என்கிறாள். பன்னிரண்டு வருடமாக நான் மறைக்கச் சொல்லிக் கொடுத்ததை இந்தச் சில நாளில் எப்படி அழிப்பேன்? நான் வாயைத் திறக்க வேண்டாம். என் முகத்தைப் பார்த்தாலே போதும், குதிகால் தானாக ஊன்றிக்கொள்கிறது. சார் பக்கத்தில் நின்றால் மட்டும்தான் அவள் கால் அவள் காலாக இருந்தது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று நாளை எல்லோரும் உறுதி எடுப்பீர்கள். நானும் எடுக்கிறேன். மைதானத்தில் கோடு போடுவேன், ஆதித்தன் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது போய் நிற்பேன். ஆனால் அந்த அறைக்குள் என்னால் போக முடியாது. நான் போனால் பிள்ளை மறுபடியும் பாஸாகிவிடுவாள். பயிற்சியாளர் இடத்தில் கையெழுத்துப் போட்டு அவளோடு உள்ளே போக ஒருவர் வேண்டும். அதற்கு முன் இரண்டு நாளாவது அவளோடு மைதானத்தில் நடந்து பழக வேண்டும்.

யார் வருவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கர்ணன் அய்யாவிடமோ என்னிடமோ சொல்லுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.