வெள்ளிக்கிழமை முறை

— …வெளிக்குப் போயிட்டுக் காகிதத்துல தொடைச்சிட்டு வந்து அதே கையை நீட்டுறான் சரசு! "ஹாய் கிரிஸ்"ங்கிறான். நான் அந்தக் கையைப் புடிச்சுக் குலுக்கணும். த்தூ! நெனச்சாலே கொமட்டுது.

— கனடாவுல காகிதம்தான்னு போறதுக்கு முன்னாடி தெரியாதா?

— தெரியறது வேற, புடிச்சுக் குலுக்குறது வேற. இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து. இந்த ரசத்துக்காவே வந்திருக்கலாம்.

— ஊத்துறேன். பாப்பா வெளையாடிட்டு வர்றதுக்குள்ள பேசி முடிச்சிடலாம். எதுக்குத் திரும்பி வந்தீங்க? நெசத்தைச் சொல்லுங்க.

— அதான் சொல்லிக்கிட்டிருக்கேனே. கருமம் புடிச்ச ஊரு. மொதலாளியப் பேரு சொல்லிக் கூப்பிடணுமாம். எங்கப்பா வயசு அவனுக்கு. "சார்"னா மூஞ்சியச் சுளிக்கிறான். சோத்து நேரத்துல ஒருத்தன், "சாப்பிடுறியா"ன்னு ஒரு பேச்சுக்குக் கேக்க மாட்டான். எதிர்ல ஆளு சும்மா உக்காந்திருப்பான், இவன் பாட்டுக்கு மென்னுக்கிட்டிருப்பான். அதுவும் மாட்டுக்கறி. அந்த வாடை என் டப்பா வரைக்கும் வரும்.

— இதெல்லாம் போன்ல சொன்னதுதான். அப்ப சிரிச்சிக்கிட்டே சொன்னீங்க.

— சிரிச்சேன். வெள்ளிக்கிழமைக்குத்தான் சிரிக்க முடியலை.

— வெள்ளிக்கிழமை என்ன?

— சொல்லக் கூசுது. வேண்டாம், சாப்பிடுற எடத்துல.

— சொல்லுங்க. ஓசூர்ல இருந்த கம்பெனி வேலையை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நிக்கிறேன். விசா குத்தி வந்து, பொட்டி கட்டி வெச்சிருக்கேன். சாப்பிடுற எடம், தூங்குற எடம்னு பாக்குற நெலமையில நான் இல்லை.

— அது சின்னப் பட்டறை சரசு. நம்ம ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனி மாதிரி இல்லை. மொத்தமே பத்துப் பன்னெண்டு பேரு. கூட்டிப் பெருக்கத் தனி ஆளு கெடையாது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் மிஷினை நிறுத்திட்டு அவனவன் எடத்தை அவனவன் கூட்டணும். அதோட ஒருத்தன் கக்கூஸைக் கழுவணும். வாரத்துக்கு ஒருத்தன், முறை வெச்சு. மொதலாளியும் அந்த முறையில உண்டு! ரப்பர் உறையை மாட்டிக்கிட்டு, மண்டி போட்டு, கூலி வாங்குறவன் கழிச்சதை அவன் தேய்க்கிறான். விசில் அடிச்சிக்கிட்டே தேய்க்கிறான். வெக்கம்னு ஒண்ணு வேண்டாம்?

— உங்க முறை வந்துச்சா?

— வராம இருக்குமா?

— கழுவுனீங்களா?

— நானா? நான் யாரு வீட்டுப் புள்ளை? எங்கப்பா கெலமங்கலம் சந்தைக்குள்ள நொழைஞ்சா உக்காந்திருக்கறவன் எழுந்திருப்பான்.

— அப்ப யாரு கழுவுனது?

— அது பாட்டுக்கு நடந்துது.

— அது பாட்டுக்கு எப்படிங்க நடக்கும்? யாரு?

— பின்கதவுல யாரோ கூப்பிடுறாங்க, பாரு.

— யாரு? நஞ்சம்மாவா? உள்ள வா, இங்கதான் இருக்காரு.

— இல்லம்மா, இங்கயே நிக்கிறேன். மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன், சின்னய்யா வந்திருக்காருன்னு கேட்டதும் கை ஓடலை. சாமி, என் மவன் திம்மப்பன் எப்படிச் சாமி இருக்கான்?

— நல்லா இருக்கான் நஞ்சம்மா.

— குளிருக்கு மூக்குல ரத்தம் வருதுன்னானே, இப்பத் தேவலையா?

— அதெல்லாம் சரியாப் போச்சு.

— நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்புல இருக்கீங்கன்னு சொன்னான் சாமி. எனக்கு அதுதான் தைரியம். அவன் கிண்டுற களி உங்களுக்குப் புடிச்சுப் போச்சாமே! ராகி மாவு கெடைக்குதாமே அந்தச் சீமையில!

— எவன் சொன்னது? நான் வேற எடம், அவன் வேற எடம். போ, போய் மாட்டைப் பாரு. அப்புறமேட்டுப் பேசலாம்.

— சரிங்க சாமி. தப்பாக் கேட்டிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க. அவன் நல்லா இருந்தாப் போதும்.

— போயிட்டா. ஏங்க, பெத்தவ மொகத்தைப் பாத்து எதுக்குங்க பொய்? நான் அங்க போன் போட்டாப் பாதி நாள் எடுக்கறது திம்மப்பன்தான். பக்கத்து ரூம்புன்னு எங்கிட்டயும்தான் சொன்னீங்க.

— மெதுவாப் பேசு. அம்மா காதுல விழுந்துடப் போவுது.

— ஆக்கிப் போட்டதும் திம்மப்பன்தானா?

— பின்ன? எனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா? தரைக்குக் கீழ ஒரு ரூம்பு. சன்னல்ல பாத்தா வெளிய நடக்கறவன் செருப்புதான் தெரியும். அங்க யாரு பாத்தா?

— ருசியா இருந்துச்சா?

— …இருந்துச்சு. அது வேற கதை.

— வேற கதை இல்லை, இதே கதைதான். உங்க முறையில கக்கூஸ் கழுவுனதும் திம்மப்பன்தானே?

— நான் ஒரு வார்த்தை கேக்கலை சரசு. என் முறை வந்தன்னைக்குத் தயங்கி நின்னேன். அவனாவே பிரஷ்ஷைத் தூக்கிட்டான். அவனுக்கு என்ன புதுசா? அவங்கப்பன் காலத்துலேர்ந்து…

— அவங்கப்பா நம்ம காட்டுல ஏர் ஓட்டுனவரு. கக்கூஸ் எங்க கழுவுனாரு? நீங்க ரெண்டு பேரும் ஐ.டி.ஐ.யில ஒரே பெஞ்சு. ஓசூர்ல ஒரே டூல் ரூம்பு, கனடாவுலயும் ஒரே பட்டறை. நீங்க வாங்குன அதே சர்ட்டிபிகேட்டுதான் திம்மப்பன்கிட்டயும் இருக்குது.

— எல்லாம் ஒண்ணுதான், சும்மாயிரு! அடுத்தடுத்த முறையும் அவனே செஞ்சான். எனக்கும் அதுவே பழகிப் போச்சு. மொதலாளி கவனிச்சிருக்கான். ஒருநா கூப்பிட்டு, "உன் முறையில ஏன் அவன் நிக்கிறான்"னு கேட்டான். நான் ஒளிக்கலை. இது அவங்க ஆளுங்க வேலை, எங்க ஊரு வழக்கம் இது, அவனுக்கும் இதுல வருத்தம் இல்லைன்னு சொன்னேன்.

— இப்படியே சொன்னீங்களா?

— எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல. திரும்ப ஒருக்கா சொல்லுன்னான், சொன்னேன். புரியலை போலன்னு நெனச்சேன். நல்லாப் புரிஞ்சிருக்குது. சரசு, கொடியில காயற துணியில நஞ்சம்மா முந்தானை பட்டுட்டா எங்கம்மா ஒரு பார்வை பாப்பாளே, அந்தப் பார்வை. என்னைப் பாத்து! காகிதத்துல தொடைக்கிறவன் என்னைப் பாத்து அருவருப்புப் படுறான்!

— அப்புறம்?

— நான் சொன்னது பட்டறை பூரா பரவிடுச்சு. மறுநாள் சோத்துக்குப் போய் உக்காந்தேன். பக்கத்துல இருந்தவன் தட்டை எடுத்துக்கிட்டு எழுந்துட்டான். எதிர்ல இருந்தவனும் எழுந்துட்டான். நீட்டு மேசையில நான் ஒருத்தன். ஒரு வாரம் அப்படியே ஓடுச்சு. ஒருத்தனும் திட்டலை, கை நீட்டலை. என் மூஞ்சியப் பாக்கவே இல்லை, அவ்வளவுதான். செத்துடலாமான்னு வந்துச்சு.

— ஒரு வாரத்துக்கேவா.

— என்னது?

— ஒண்ணுமில்லை. சொல்லுங்க.

— அப்புறம் ஒருநா அவன் வந்தான், திம்மப்பன். டப்பாவோட வந்து எம் பக்கத்துல உக்காந்தான். ரெண்டு டப்பாவுலயும் இருக்கறது ஒரே குண்டான்ல ஆக்குன சோறு. "சாப்பிடு கிருஷ்ணா, ஆறிடும்"னான்.

— சாப்பிட்டீங்களா?

— மூலையில முனிவேலு உக்காந்திருந்தான். நம்ம பக்கத்துத் தளி ஊர்க்காரன், எங்க மாமனுக்குச் சொந்தம், அவனும் அங்கதான் வேலை. அவன் கண்ணு எங்க ரெண்டு டப்பா மேலயும் மாறி மாறிப் போவுது. ஊருக்கு ஒரு போன் போட்டுட்டான்னா? நான் மூடியைப் போட்டுட்டு எழுந்துட்டேன்.

— எழுந்துட்டீங்க.

— பின்ன என்ன பண்ணச் சொல்ற?

— ரூம்புல அதே சோறு எறங்குச்சு. முனிவேலு பாக்குறான்னதும் எறங்கலை. உங்களுக்காக அத்தனை பேருக்கு முன்னால வந்து உக்காந்த மனுசன் என்ன பண்ணுச்சு?

— தெரியாது. நான் திரும்பிப் பாக்கலை.

— கருமம்.

— யாரைச் சொல்ற?

— உங்களைத்தான்.

— ஓகோ! நீ ரொம்ப ஒழுங்கோ? நஞ்சம்மாவுக்குத் தனிச் சொம்புலதானே தண்ணி ஊத்துற?

— ஆமா, ஊத்துறேன். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து ஊத்துறேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். கம்பெனி கேன்டீன்ல முனிலட்சுமி பக்கத்துல உக்காந்தன்னைக்கு எனக்கும் தொண்டையில நின்னுச்சு. காலனிப் பொண்ணுன்னு உள்ள ஒண்ணு கத்துச்சு. நாள் போவப் போவ எறங்குச்சு. அவ கொழம்பை நான் வாங்க, என் பொரியலை அவ வாங்கன்னு ஆயிப் போச்சு. அதை இந்த வீட்டுல வந்து சொல்ல எனக்குத் துப்பு இல்லை. அதுதான் எனக்கும் உங்களுக்கும் ஒத்துமை. சரி, வேலையை விட்டுத் தொரத்திட்டானா?

— தொரத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. கூப்பிட்டு வெச்சு, "வர்ற வெள்ளிக்கிழமை உன் முறை. நீயே செய்யி. செஞ்சிட்டா எல்லாத்தையும் மறந்துடலாம்"னு தோளைத் தட்டுறான்.

— ஒரே ஒரு தடவை கழுவுனா முடிஞ்சுதா?

— நான் வியாழக்கிழமையே பிளேன் ஏறிட்டேன்.

— ஒரு கக்கூஸுக்காக! என் வேலை போச்சு, பாப்பாவுக்கு டீ.சி. வாங்கியாச்சு, விசாவுக்கு எத்தனை வருசம் காத்துக் கெடந்தோம். எல்லாத்தையும் அந்தப் பிரஷ்ஷுக்குப் பயந்து போட்டுட்டு ஓடி வந்திருக்கீங்க.

— பயமில்லை, மானம்!

— இந்த வீட்டுக் கக்கூஸை யாருங்க கழுவறது?

— அது… நீதான். பொம்பளை செய்யறதுதானே அது.

— உங்களுக்கு முறையே வராத வீடு. அதான் இங்க ஓடி வரத் தோணுச்சு.

— விடு சரசு. நெலம் கெடக்குது. தக்காளி போடலாம், ரோசாச் செடி வெக்கலாம். தோட்டத்துல நாலு ஆளை வெச்சு வேலை வாங்குனா ராசா மாதிரி இருக்கலாம். நீயும் கம்பெனியில திரும்பக் கேட்டுப் பாரு. பொட்டியப் பிரி.

— பிரிக்க மாட்டேன். எனக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் இருக்குது. விசா எம் பேர்ல குத்தியிருக்குது. வர்ற பொதன்கெழமை கெளம்புறோம்.

— பைத்தியமாடி உனக்கு? பெங்களூரைத் தாண்டி ஒருநா தனியாப் போயிருக்கியா? அங்க போய் என்ன பண்ணுவ?

— வேலை செய்வேன். வாரம் ஒருநா கழுவணும்னா கழுவிட்டுப் போறேன். இங்க தெனம் செய்யறதுதானே.

— பனியில கொழந்தையோட போய் எறங்குனா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போவ நாதி இருக்குதா? அந்த ஊர்ல உனக்குன்னு யாருடி இருக்கா?

— இருக்காரு. நேத்து நீங்க வந்து படுத்ததுமே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவருகிட்டதான் பேசுனேன். எதுக்கு வந்தீங்கன்னு எப்படிக் கேட்டும் உங்களை விட்டுக் குடுத்து ஒரு வார்த்தை சொல்லலை. "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா, ஏர்போர்ட்ல நான் நிக்கிறேன்"னு மட்டும் சொன்னாரு, திம்மப்பண்ணன்.