விசிலக்கா கேட்ட கச்சேரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் சங்கப் பெரியவர்களே, மகளின் கையைப் பிடித்தபடி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மாப்பிள்ளையே, சீருடையோடு வந்து நிற்கும் தோழர்களே, எங்கள் பேருந்தில் தினமும் ஏறிய பயணிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பேருந்து ஓட்டத் தெரியும், கிடார் வாசிக்கத் தெரியும். மேடையில் பேசத் தெரியாது. பேசத் தெரிந்தவள் போய்விட்டாள்.

நடத்துநர், பாடலாசிரியர், பாடகி, எங்கள் விசிலக்கா! என்னைவிட இளையவள்; என்னை அண்ணே என்பாள், அதனால் அவள் கணவர் எனக்கு மாப்பிள்ளை. ஊரே அக்கா என்றதால் எனக்கும் அக்காவானாள். படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டிய கையோடு அவன்மேல் ஒரு பாட்டுக் கட்டிவிடுவாள். அப்படி ஒருத்தியை இனி எங்கே பார்ப்போம்?

சென்ற ஆண்டு இதே உணவுக்கூடத்தில் நடந்த கச்சேரியை மறந்திருக்க மாட்டீர்கள். நாற்காலி போதாமல் சாப்பாட்டு மேசைமேல் ஏறி உட்கார்ந்து கேட்டீர்கள். தையற்காரரான தன் கணவரைப் பற்றி, 'ஊருக்கெல்லாம் பட்டன் தைப்பார், என் சட்டைக்கு மட்டும் ஊக்கு' என்று அவள் பாடியபோது மாப்பிள்ளை முகத்தை மூடிக்கொண்டார். கூடம் சிரித்த சிரிப்பில் நான் தாளம் தப்பினேன். "அண்ணே, வண்டிய ரோட்டுக்குக் கொண்டுவாங்க" என்றாள் மைக்கில். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று கேட்டுக் கேட்டுப் பாடவைத்தீர்கள்.

மறுநாள் காலை அவளுக்கு அறுவை சிகிச்சை. தொண்டையில் புற்று. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். "சொன்னா பாவம்னு நெனச்சுக் கேப்பாங்கண்ணே. சந்தோஷமா கேக்கட்டும்" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டீர்கள். அதற்காக யாரும் நொந்துகொள்ள வேண்டாம்.

குரல் போனது. கழுத்தில் போட்ட துளை வழியாகவே மூச்சு வந்ததால் விசில்கூட ஊத முடியவில்லை. அலுவலகத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்து மகளுக்காகப் பாட்டு எழுதினாள். மேசையில் தாளம் தட்டுவாள். மெட்டை நானும் மகளும் தேடுவோம். தப்பென்றால் தலையை ஆட்டுவாள்.

அந்தப் பாட்டுகளை வைத்து ஒரு கச்சேரி நடத்தினோம். மகள் பாடினாள். விசிலக்கா முதல் வரிசையில் இருந்தாள். முதல் பாட்டுக்குத் தாளம் போட்டாள். இரண்டாவதற்கு உதடு அசைந்தது. மூன்றாவதன் நடுவில் எழுந்து வெளியே போய்விட்டாள். கிடாரை வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். பேருந்து கழுவும் இடத்தில் நின்றிருந்தாள்.

"புள்ள சரியா பாடலையாம்மா?"

தூசி படிந்திருந்த பேருந்தின்மேல் விரலால் எழுதினாள்: "நல்லா பாடுறா. அதான் தாங்க முடியல."

அதன்பிறகு அவள் ஒரு வரியும் எழுதவில்லை. நோய் திரும்பி வந்தது. போன வாரம் கொண்டுபோய்விட்டது.

பாட்டில் வாழ்கிறாள் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். மன்னியுங்கள், எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பாட்டு இருக்கிறது. அவள் எங்கே? யாராவது காட்டுங்களேன்.

நேற்று மகள் கேட்டாள், "மாமா, இனிமே நமக்கு யாரு மாமா எழுதித் தருவா?"

உறுதிமொழி சொல்லி முடிக்கச் சொல்கிறார்கள். சொல்கிறேன். மாதந்தோறும் இங்கே அவள் பாட்டுகளைப் பாடுவோம். மகள் பாடுவாள், நான் வாசிப்பேன், நீங்கள் வாருங்கள். ஆனால் தோழர்களே, எத்தனை மாதம் பாடினாலும், பாடிய பாட்டையேதான் பாடப்போகிறோம்.