பயோடீசல் ஊத்துன வண்டி

குடியை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கீங்க, சந்தோசம். ஆனா எல்லாரு மூஞ்சியும் இஞ்சி தின்ன மாதிரில்ல இருக்கு? சரி... போனையெல்லாம் பைக்குள்ள போடுங்கய்யா. ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன்.

திண்டுக்கல்ல செலஸ்டின்னு ஒருத்தர். சொந்தமா ஒரு லோடு வண்டி, பழைய டீசல் வண்டி. வீடு குறுகலான சந்துல. விடிஞ்சதும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி உறும விடுவாரு. புகை எங்க போகும்? நேரா அடுப்படிக்குத்தான். அங்க யாரு? அவரு சம்சாரம் பிலோமினா. அந்தம்மாவுக்கு மூச்சிளைப்பு. சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க, இவரு காதுலயே போட்டுக்கல. ஒருநாள் பெட்டியைத் தூக்கிட்டாங்க. "அந்தப் புகை நிக்கட்டும், நான் வர்றேன்"னு வத்தலக்குண்டுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டாங்க.

அப்புறம்? வீடு வெறிச்சோடிப் போச்சு. சோறு வடிப்பாரு, ரெண்டு வாய் தின்னுட்டு மூடி வச்சிருவாரு. டிவியைப் போட்டு விடுவாரு... பாக்கிறதுக்கு இல்ல, வீட்டுல ஏதாவது ஒரு சத்தம் வேணுமேன்னு. தனியாக் கிடந்தவனுக்குத்தான்யா அந்தக் கொடுமை தெரியும்.

அப்பத்தான் ஒருத்தர் சொன்னாரு, "அண்ணே, பயோடீசல் ஊத்திப் பாருங்க. வடை, பஜ்ஜி சுட்டு மிஞ்சின எண்ணெயில இருந்து எடுக்கிறது. புகை குறையும்." ஊத்துனாரு. குறைஞ்சுதா? நல்லாவே குறைஞ்சுது! இஞ்சின் சத்தமும் மெத்துனு ஆயிடுச்சு. அதுக்காகக் குறையே இல்லைன்னு சொல்ல மாட்டேன். மைலேஜ் கொஞ்சம் அடிவாங்குச்சு. கொடைக்கானல் குளிர்ல எண்ணெய் உறைஞ்சு, வெயில் ஏறுற வரைக்கும் வண்டி கிளம்பல. பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டாரு. ஏன்? பொண்டாட்டி வரணும்ல!

போன் போட்டாரு. "பிலோமி... புகை போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிக்கிறேன்."

அந்தம்மா சொன்னாங்க, "வண்டியிலயே வாங்க. நான் பாக்கணும்."

ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புனாரு. பாதி வழியில வண்டி திணறுது... திணறுது... நின்னே போச்சு. பக்கத்துப் பட்டறையில இருந்து காஜா பாய் வந்து பில்டரைக் கழட்டுனாரு. தார் மாதிரி கசடு!

"பாத்தியா பாய்? இந்த எண்ணெய் பண்ணுன வேலையை!"

"அண்ணே, இது புது எண்ணெயோட கசடு இல்ல. இத்தனை வருசமா டீசல் உங்க டேங்குல படிய விட்டது. புது எண்ணெய் அதைக் கழுவி இழுத்துட்டு வருது. பில்டரை மாத்துங்க. இன்னும் ரெண்டு தடவை அடைக்கும், அப்புறம் சரியாயிடும்."

"எனக்கே பாடம் நடத்துறியா? டீசல் ஊத்துன காலத்துல ஒருநாளாவது இது என்னை ரோட்டுல நிறுத்தியிருக்கா? எல்லாத்தையும் வடிச்சு விடு! டீசலை ஊத்து!"

பில்டரை மாத்தி டீசலை ஊத்துனாங்க. வண்டி ஜம்முனு கிளம்புச்சு. வத்தலக்குண்டுல அந்தம்மா கையில பெட்டியோட வாசல்ல நிக்கிறாங்க. வண்டி தெருவுல திரும்புச்சு... பின்னாலயே கரும்புகையும் திரும்புச்சு. அந்தம்மா பாத்தாங்க. சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்துனாங்க. பெட்டியோட உள்ள போயிக் கதவைச் சாத்திட்டாங்க. இவரு தட்டித் தட்டிப் பாத்துட்டு, தனியாளாத் திரும்பி வந்தாரு.

நேத்து உங்கள்ல ஒருத்தர் என்கிட்ட சொன்னாரு, "ஐயா, குடிச்சப்ப நிம்மதியாத் தூங்குனேன். விட்டப்புறம்தான் கோவம் வருது, பழசெல்லாம் மண்டைக்குள்ள குடையுது. பேசாமக் குடிச்சிருக்கலாம்."

யோவ்... அது விட்டதுனால வந்த அழுக்காய்யா? நீ ஊத்தி ஊத்திப் படிய விட்ட அழுக்குய்யா! இப்பத்தான் கழண்டு வருது. அடைக்கும், நடுரோட்டுல நிக்க வைக்கும். நின்னா டாக்டரைப் பாரு, என்னைக் கூப்பிடு, எந்நேரமானாலும் கூப்பிடு. பழசை மட்டும் திருப்பி ஊத்திடாத. ஏன்னா உன் வீட்டுலயும் ஒருத்தி, நீ எப்படி வர்றேன்னு பாத்துக்கிட்டு வாசல்லயே நிக்கிறா.