முன்பணத்துக்கு ஒரு சாவு

உங்கள் காவல் நிலையத்துக் காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் அம்மா. என் மனைவி தெசாங்கா போடுவது வெறும் சுடுதண்ணீர். கேளுங்கள், சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் மிலோயே, அச்சகக்காரன். மொராவா ஆற்றங்கரையில் யார் செத்தாலும் துக்க அறிவிப்பு என்னிடம்தான் அச்சாகும். கறுப்புக் கட்டம், படம், பெயர், வயது. கம்பத்திலும் மரத்திலும் வீட்டுக் கதவிலும் ஒட்டுவார்கள். எங்கள் ஊரில் எதை வேண்டுமானாலும் திருடுவார்கள், துக்க அறிவிப்பை மட்டும் ஒருவனும் கிழிக்க மாட்டான்.

தேர்தலில் நிற்கும் அணிகளுக்குப் பிரச்சாரச் செலவுக்கு அரசு முன்பணம் தருகிறது. ஒரு ஓட்டுகூட விழுவதற்கு முன்பே தருகிறது. நல்ல அரசு. நூற்றுக்கு ஒரு ஓட்டாவது விழாவிட்டால் திருப்பிக் கட்ட வேண்டும், அதற்கு ஈடாக ஒரு வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். என் வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. ஆகவே தெசாங்காவின் தம்பி வுகோமானிடம் போனேன். தேனீ வளர்ப்பவன், கல்யாணம் ஆகாதவன், அப்பா விட்டுப்போன கல்வீட்டில் தனியாக இருந்தான்.

"நீதான் தலைவன் மாப்ள. உன் மூஞ்சி ஊர் பூரா தொங்கும்."

"தொங்கட்டும் மச்சான். ஆனா வீட்டுக்கு ஒண்ணும் ஆயிடாதே? எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"என் உசுரு இருக்கிற வரைக்கும் அந்த வீட்ட விடமாட்டேன்டா."

இந்த வாக்கை நான் மீறவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

'சுத்தமான மொராவா' என்று அணிக்குப் பெயர் வைத்தோம். எங்களில் யாரும் அந்த ஆற்றில் கால் நனைத்ததில்லை. பணம் வந்தது. பிரச்சாரம் என்றால் சுவரொட்டி, சுவரொட்டி என்றால் அச்சகம், அதனால் பணம் என்னிடம் வந்தது. புது அச்சு இயந்திரம் வாங்கினேன். ஆனால் ஒட்டிய படங்களை மற்ற அணிக்காரர்கள் மறுநாளே கிழித்தார்கள். கூட்டம் போட்டால் வுகோமான் தேனீக்களைப் பற்றியே பேசினான். கேட்டவர்களில் பாதிப்பேர் உறவு, அவர்களும் கொட்டாவி விட்டார்கள். வீடு போய்விடுமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் சந்தை முனையில் நின்றேன். கம்பத்தில் வுகோமானின் படம் கந்தலாகத் தொங்கியது. பக்கத்திலேயே போன மாதம் செத்த ஒரு கிழவியின் அறிவிப்பு, மூலைகூட மடங்காமல் இருந்தது. அப்போதுதான் எனக்குப் பசித்தது.

வுகோமானைத் திராட்சைத் தோட்டத்து நிலவறைக்குக் கூட்டிப்போனேன். விறகு, தொத்திறைச்சி, ஒரு குடுவை பிளம் சாராயம், எல்லாம் வைத்தேன். "எதிரணிக்காரன் உன்ன விலைக்கு வாங்க அலையுறான். வெளிய தல காட்டாத," என்றேன். தன்னையும் ஒருவன் விலைக்குக் கேட்கிறானே என்று அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் பாதுகாப்புக்காக வெளியே தாழ் போட்டேன்.

பிறகு துக்க அறிவிப்பு அச்சடித்தேன். வியன்னாவில் வேலை பார்க்கும் உறவினரைப் பார்க்கப் போன இடத்தில் மாரடைப்பு, அங்கேயே அடக்கம், கடைசி ஆசை சுத்தமான மொராவா. சிலுவை போடவில்லை. பொய்க்குச் சிலுவை போடுகிறவன் அல்ல நான். பொய் என்றும் சொல்ல முடியாது. விழாத ஓட்டுக்கு அரசு முன்பணம் தருகிறது. வராத சாவுக்கு நான் முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்தேன்.

தெசாங்காவிடம் சொல்லவில்லை. அவள் நிஜமாக அழுதால்தானே ஊர் நம்பும். மூன்றாம் நாள் உண்மையைச் சொன்னேன். என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் வீட்டு ஜன்னல் நம்ம வீட்டு ஜன்னல விடப் பெருசுங்க," என்றாள்.

ஒரு அறிவிப்பையும் யாரும் கிழிக்கவில்லை. இங்கே ஓட்டு ஆளுக்கல்ல, அணிக்கு; தலைவன் செத்தாலும் அணி சீட்டில் இருக்கும். ஊர் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டது. தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு விழுந்தது. வீடு பிழைத்தது. அன்றே தாழைத் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். செத்தவன் பேரில் வைக்கும் நாற்பதாம் நாள் விருந்துக்கு ஊரே தயாராக இருந்தது, அம்மா. நடுவில் எப்படித் திறப்பது? "தேர்தலத் தள்ளி வச்சுட்டாங்க மாப்ள," என்று நிலவறையின் சின்ன ஜன்னல் வழியாக ரொட்டி கொடுத்துவிட்டு வருவேன். "அப்ப என் பேச்ச இன்னும் நல்லா தயார் பண்றேன் மச்சான்," என்பான். தேனீக்களைப் பற்றித்தான்.

விருந்தன்று வறுத்த பன்றியின் வாசனை தோட்டம் வரை போய்விட்டது. அதை நான் யோசிக்கவில்லை, அது என் தவறுதான். வுகோமான் நிலவறைக் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். தன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிவதைக்கூடக் கவனிக்காமல், தன் ஆத்மாவுக்காக அவித்த கோதுமையைக் கிண்ணத்தோடு எடுத்து விழுங்கினான். முதலில் வாயைத் திறந்தவள் பக்கத்து வீட்டு ஸ்தமேன்கா.

"நீ செத்துட்டேன்னுதானடா ஓட்டுப் போட்டோம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க வந்து நிக்கிற?"

ஊரே அவள் பக்கம்தான். அவன் அழுதான். எனக்கும் கஷ்டமாக இருந்தது. யாரோ உங்களுக்குப் போன் செய்தார்கள்.

ஆமாம், அடைத்து வைத்தது நான்தான், அறிவிப்பும் என்னுடையதுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் எல்லாம் அவன் வீட்டுக்காகச் செய்தது. பூட்டிக் கிடந்தால் வீடு கெட்டுப்போகும் என்று நாங்களே அங்கே குடிபோய்விட்டோம். தெசாங்கா புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறாள், நான் புதுப் பூட்டு மாட்டியிருக்கிறேன். இப்போது அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சாவி கேட்கிறான். நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள் அம்மா, செத்தவனுக்கு வீடு எதற்கு?