கிராணி கேட்ட திருத்தம்

ரிங்லெட்டில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

“என் கதையில செத்துப்போன, எங்க தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கிராணி நேத்து போன் பண்ணி ஏசுனாருக்கா,” என்றாள் இளையவள்.

“பேப்பர்ல வந்த உன் மொத கதையா? சாகடிச்சதுக்கா ஏசுனாரு?”

“இல்ல லா, அது பரவாயில்லயாம். அவரு மோட்டார் சைக்கிள் கறுப்பு இல்லயாம், செவப்பாம். அப்புறம், காய்ச்சலோட இருந்த எங்கம்மாவ மழையில கொழுந்து பறிக்க அனுப்புனாருன்னு எழுதுனேன்ல, அது பொய்யாம். எடுத்துடணுமாம்.”

“நீ என்ன சொன்ன?”

“மோட்டார் என் தப்புதான், புக்கா போடுறப்ப மாத்திடுறேன்னேன். மழைய எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு எங்கம்மாவுக்குக் கொடை புடிச்சிட்டு நின்னவ நான்தானேக்கா?”

“அதுக்கு அவரு?”

“அம்மா இப்ப எப்படி இருக்காங்கன்னு கேட்டாரு.”