பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டர்

விஜயதசமிக்கு மறுநாள் காலை பழவங்காடிக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டு மாமி சொன்ன ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எனக்குப் பேப்பர் ஓடவில்லை.

"பூஜைக்கு வெச்ச கம்ப்யூட்டர் கடுதாசி அனுப்பியிருக்குடா."

பக்கத்தில் இருந்தவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் போலும். மடியில் டூல்ஸ் பை. சிரித்தார். "என்ன கடுதாசி, மாமி?"

"எங்காத்துக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி எழுதி, அனுப்பாம விட்டது. அவர் காலமாகியே ரெண்டு வருஷமாச்சு. முந்தாநாள் பம்பாய்ல பிள்ளைக்கும் நாத்தனாருக்கும் அவர் பேர்லயே மெயில் வந்திருக்கு."

"பேடிக்காதேங்கோ, பயமொண்ணும் வேண்டாம், அது வைரஸ். உள்ளே கிடக்கற ஏதாவது ஃபைலை எடுத்து, அட்ரஸ் புக்ல இருக்கறவாளுக்கெல்லாம் தானே அனுப்பும். யாரும் அதைத் திறக்க வேண்டாம்னு சொல்லிடுங்கோ. பூஜையிலே வைக்கறச்சே மெஷினை அணைக்கலையா?"

"வெளக்கு மாதிரியில்லையோ? அணைக்கப்படாதேன்னு பட்டுத்துணியைப் போத்தி ஓட விட்டிருந்தேன்."

"அதான். ஓடிண்டிருந்தா அதுவே போன் லைன்ல டயல் பண்ணி இன்டர்நெட்டுக்குப் போயிடும். முதல்ல போன்லேர்ந்து அதுக்குப் போற வயரைக் கழட்டுங்கோ. சாயங்காலம் வந்து சரியாக்கித் தரேன்."

மாமி அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்த வயரை மெயில் வர்றதுக்கு முதல்நாளே கழட்டி, புஸ்தகத்தோட பூஜைக்கு வெச்சுட்டேனே. நேத்திக்கு எடுக்கறச்சே ரெண்டு முனையிலயும் வெச்ச சந்தனம்கூட உதிரலை."

பழவங்காடி வந்தது. இறங்கும்போது அவர், சாயங்காலம் வேறு வேலை இருக்கிறது என்றார்.